பச்சை ஆரத்தி

படத்தொகுப்பு வகுப்பில் எனக்குப் பயம் இருந்ததில்லை. ஒலிக்கலவை வகுப்பில் தூக்கமே வந்திருக்கிறது. முதுகலை இரண்டாம் ஆண்டில் நிறத்திருத்தம் என்றொரு பாடம் வந்தபோதுதான் பயம் ஆரம்பித்தது.

சேலத்துக்கு வெளியே எங்கள் கல்லூரி. எடுத்து முடித்த படத்தை வெட்டுவது, ஒட்டுவது, ஒலி சேர்ப்பது எல்லாம் அங்கே பாடம். கடைசியில் வருவது நிறம். காலையில் எடுத்த காட்சியும் மாலையில் எடுத்த காட்சியும் ஒரே நேரத்தில் நடந்ததுபோல் தெரிய வேண்டும். அதற்காகச் சாம்பல் நிறச் சுவர்கள் கொண்ட இருட்டறை ஒன்றில் உட்கார்ந்து, சிவப்பைக் கூட்டி, பச்சையைக் குறைத்துக்கொண்டிருப்போம்.

முதல் வகுப்பில் மேடம் விளையாட்டாக ஓர் அட்டையைத் தூக்கிக் காட்டினார். அட்டை முழுக்க வண்ணப் புள்ளிகள். "இதுல என்ன நம்பர் தெரியுது?" என்று கேட்டார். வகுப்பு மொத்தமும் ஒரே குரலில் எண்ணைச் சொன்னது. எனக்குப் புள்ளிகள் மட்டும்தான் தெரிந்தன. கூட்டத்தோடு கோவிந்தா போட்டேன். அடுத்த அட்டைக்கு அரை நொடி பிந்தி வாயைத் திறந்தேன். ஏசி அறையில் முதுகு நனைந்துவிட்டது.

சிறுவயதில் எங்கள் ஊர் புதுச்சத்திரத்துத் தோட்டத்தில் மிளகாய்ப்பழம் பொறுக்க அனுப்பினால் பாதிக்குப் பாதி காயாகக் கொண்டுவருவேன். "பழுத்ததப் பாத்துப் பொறுக்குடான்னா இப்புடிப் பண்ணீட்டு வந்திருக்கற. கண்ணப் பொடனியிலயா வெச்சிருக்கற?" என்று அம்மா திட்டும். எனக்குக் கவனம் போதாது என்று வீட்டில் எல்லோரும் முடிவுகட்டினார்கள். நானும் அதை நம்பியிருந்தேன். இத்தனை வருடம் கழித்து, சிவப்பும் பச்சையும் எனக்குச் சரியாகப் பிரிவதில்லை என்பது ஓர் அட்டையைப் பார்த்துத் தெரியவந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. ஊரில் எங்கள் உறவில் பையன்கள் கோழிப்பண்ணைக்கோ லாரிப் பட்டறைக்கோ போவார்கள். நான் மட்டும் படம் படிக்கப் போனவன். "சினிமாக்காரர் வந்துட்டாருங்க" என்று விசேஷ வீடுகளில் கேலி வேறு. நிறம் தெரியாதவன் என்று கல்லூரியில் தெரிந்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள், ஊருக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் நிற்க வேண்டியதுதான் என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

என்னைக் காப்பாற்றியது திரையின் ஓரத்தில் ஓடும் வரைபடம். படத்தில் எந்த நிறம் எவ்வளவு இருக்கிறது என்பதை அது ஒரு வட்டத்துக்குள் புள்ளிக் கூட்டமாகக் காட்டும். மனிதத் தோலின் நிறம் எங்கே விழ வேண்டும் என்பதற்கு ஒரு கோடுகூட உண்டு. கண்ணை ஒதுக்கிவிட்டு அந்த வட்டத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டேன். "இவனப் பாருங்க, கண்ண நம்பறதில்ல, கிராஃப நம்பறான்" என்று மேடம் வகுப்பில் பாராட்டினார். திருடனுக்குத் தேள் கொட்டியது போலிருந்தது. பாராட்டு வர வர, மாட்டிக்கொண்டால் விழும் அடியும் பெரிதாகும் அல்லவா?

இறுதி ஆண்டுப் படத்தில் எனக்குத் துணை ஒரு வகுப்புத்தோழி. சேலம் கடைவீதியில் துணிக்கடை வைத்திருக்கும் ராவுத்தர் குடும்பத்துப் பெண். ஒரே சிவப்பில் ஏழு சிவப்பு பார்ப்பாள். "இந்த ஷாட்ல சிவப்பு கொஞ்சம் தூக்கலா இருக்காடா?" என்று கேட்பாள். "உனக்கு எப்படித் தோணுது?" என்று நான் திருப்பிக் கேட்பேன். அவள் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவேன். அடக்கமானவன் என்று என்னைப் பற்றி அவள் பலரிடம் சொல்லியிருக்கிறாள்.

படத்துக்கு என் மாமா மகளின் கல்யாணத்தை எடுத்திருந்தோம். மாமா, அம்மாவுக்கு அண்ணன். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரியை வடநாடு வரைக்கும் ஓட்டிப் போகிறவர். அவர் மகளும் மருமகனும் கல்யாணம் முடிந்து வீட்டுக்கு வரும்போது, வாசலில் வாழைமரங்களுக்கு நடுவே அத்தை ஆரத்தி சுற்றும் காட்சி ஒன்று இருந்தது. தோழி ரம்ஜானுக்கு வீட்டுக்குப் போயிருந்தாள். வாழை இலை வாடிக் கிடக்கிறதே, கொஞ்சம் பச்சையேற்றலாம் என்று நான் தனியாகக் கை வைத்தேன். இலையின் நிறத்தைக் கருவியால் தொட்டுத் தேர்ந்தெடுத்து, அதன் எல்லையைத் தாராளமாக விரித்து, பச்சையை முறுக்கிவிட்டேன். வட்டத்தில் புள்ளிகள் எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. திருப்தியாக இருந்தது. அப்படியே ஒப்படைத்துவிட்டேன்.

மதிப்பீட்டுக்கு முன்னால் படத்தில் வந்தவர்களை அழைத்துப் போட்டுக் காட்டுவது எங்கள் துறை வழக்கம். மாமா, அத்தை, புதுப்பெண், அம்மா எல்லோரும் மாமாவின் காரில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். நான் மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். படம் ஓடியது. கார் வந்து நின்றது, ஆரத்தித் தட்டு திரையில் வந்தது. பின்வரிசையில் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள்.  எதற்கென்று தெரியாமல் திரும்பிப் பார்த்தேன்.

"ஏஞ்சாமி, ஆலாத்தி என்ன பச்சையா இருக்குது?" என்று அத்தை கேட்டார். குரல் உடைந்திருந்தது. "புள்ளைக்குச் செவப்பாத்தான கரைச்சேன்."

இலையைத் தொட்ட கருவி தட்டையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது. மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து சிவந்த தண்ணீரை நான் பாசித் தண்ணீர் ஆக்கியிருக்கிறேன். மகள் வாழப்போகும் நேரத்தில் இது என்ன சகுனம் என்று அத்தையின் கண் கலங்கிவிட்டது. திரையை நான் உற்று உற்றுப் பார்த்தேன். எனக்கு எப்போதும்போலத்தான் இருந்தது.

அப்போதுதான் மாமா குனிந்து என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "பச்சையாவா இருக்குது? நல்லாத்தான மாப்ள இருக்குது?"

அரங்கத்தில் நான் பார்த்ததையே பார்த்த இன்னொரு ஆள் அவர் ஒருவர்தான். வடநாடு வரைக்கும் லாரி ஓட்டுகிறவர்.

விளக்கைப் போட்டதும் தோழி நேராக வந்தாள். "உனக்கு நிறம் தெரியாதாடா?" என்றாள். கேலி இல்லை. மேடமும் பின்னாலேயே வந்து நின்றார். இனி எதை மறைப்பது? சொல்லிவிட்டேன். சொல்லும்போது அழுதுவிடுவேனோ என்று அதற்கும் பயம்.

மேடம் திட்டவில்லை. "மொத நாளே சொல்லியிருந்தா இவ்வளவு பாடு பட்டிருக்க வேண்டாமே" என்றார். தேர்வுக்கு ஒலிக்கலவையை எடுத்துக்கொள்ளலாம், நிறத்தைத் தோழி பார்த்துக்கொள்வாள், தட்டைச் சரிசெய்து அத்தைக்கு அனுப்பிவிடுங்கள் என்று இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டார். இதற்கா நாலு மாதம் சோறு இறங்காமல் கிடந்தேன்?

"இது அம்மா வழியா வர்றது. உங்கம்மாவோட கூடப் பிறந்தவங்க யாருக்காவது இருக்கா?" என்று மேடம் கேட்டார். மாமா பக்கத்தில்தான் நின்றார். சட்டைப் பையிலிருந்து கார்ச் சாவியை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லைங்க மேடம்" என்றேன்.

ஊருக்கு நானும் அவர்களோடு கிளம்பினேன். பின்னால் அம்மா, அத்தை, புதுப்பெண். முன்னால் மாமாவும் நானும். சாயங்கால வெயில் கண்ணாடியில் நேராக அடித்தது. மாமா கண்ணாடிக்கு மேலிருந்த மறைப்பை இறக்கிவிட்டார். பிறகு, பின்னால் கேட்காதபடி, "சிக்னல்ல மேல எரிஞ்சா நிக்கோணும், கீழ எரிஞ்சா போலாம். இருவத்தெட்டு வருசமா அப்புடித்தான் மாப்ள" என்றார்.

"லைசென்ஸுக்குக் கண்ணு பாத்தாங்களே மாமா?"

"எனக்கு முன்னால நின்னவன் சொன்னதையே சொன்னேன்."

புறவழிச்சாலை முனையில் சிக்னல் வந்தது. வெயில் பட்டு மூன்று விளக்கும் எரிவதுபோல் தெரிந்தன. மாமா வண்டியை நிறுத்தி என்னைப் பார்த்தார். நான் விளக்கைப் பார்த்தேன், திரும்ப அவரைப் பார்த்தேன். குறுக்கே லாரிகள் வருகின்றனவா என்பதுகூட வெயிலில் சரியாகத் தெரியவில்லை. பின்னால் மூன்று பெண்களும் ஆரத்தியைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்கள். அத்தனை மாதமும் நான் பட்டது பயமே இல்லை என்று அப்போது தெரிந்தது.

"என்ன மாப்ள, போலாமா?" என்று மாமா கேட்டார்.

"தெரியலீங்க மாமா" என்றேன். பின்னால் நின்ற பஸ்காரன் ஹாரன் அடிக்கும்வரை நாங்கள் இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.