கிளாத்திக்கும் ஒருசந்தி

எங்கள் தெருவில் ஆட்டுக்கறிக் கடை வைத்திருந்த ஆரோக்கியதாஸை யாராவது நல்ல மனுசன் என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவனைத் தவக்காலத்தில் மட்டும் பார்த்தவர்கள்தான் அப்படிச் சொல்வார்கள். நெற்றியில் சாம்பல் வாங்கிய நாளிலிருந்து குடிக்க மாட்டான், கறி தின்ன மாட்டான், மனைவி ரூபி மேல் கை வைக்க மாட்டான். எல்லாம் ஈஸ்டர் வரைக்கும்தான். மற்ற மாதங்களில் அவன் அடிக்கிற அடி எங்கள் வீட்டுச் சுவரில் கேட்கும். ஒருமுறை ரூபியின் முன்பல் குழாயடியில் கிடந்தது. அதை எடுத்துக் கழுவியவள் நான்தான்.

2004இல் அவர்கள் மகள் அனிஷாவுக்குப் புதுநன்மை, முதல் முதலாக நற்கருணை வாங்குகிற விழா. ரூபியின் அண்ணன் பாக்கியராஜ் ஒட்டன்சத்திரத்திலிருந்து கொச்சிக்குக் காய்கறி லாரி ஓட்டுகிறவர். அங்கேயிருந்து மருமகளுக்கு ஒரு சின்ன உப்புத்தண்ணீர் மீன்தொட்டி வாங்கி வந்தார். உள்ளே சில நீலக் குஞ்சுகள், ஆரஞ்சில் வெள்ளை வரி போட்ட ஒரு ஜோடி, பல் துருத்திய ஒரு கிளாத்தி மீன்.

"கறி கிறி போட்றாதீங்க மாப்பிள்ளை. பச்சை எறாலப் பொடிசா நறுக்கிப் போடுங்க. கிளாத்திக்கு வயிறு நெறஞ்சாத்தானுங்க மத்தது உசுரோட இருக்கும்" என்றார்.

கறிக்கடைக்காரன் கேட்பானா? மறுநாளே ஆட்டு ஈரலை நறுக்கிப் போட்டான். தண்ணீர் மேல் கொழுப்பு படிந்து நீலக் குஞ்சுகள் சில செத்து மிதந்தன. அதற்கும் அடி ரூபிக்குத்தான். அப்புறம் அவளே இறால் வாங்கி நறுக்கிப் போட்டாள். தொட்டி அமைதியாக இருந்தது.

அடுத்த தவக்காலம் வந்தது.

"இந்த வீட்டுல எல்லாருக்கும் ஒருசந்தி நோன்புதான். மீனுக்குக் கீரையப் போடு" என்றான்.

"மீனு திங்கலாம்னு கோயில்லயே சொல்றாகல்ல. எறாவாவது போடுவமே?"

"ஆட்டை அறுக்குற நானே வாயக் கட்டிருக்கேன். எனக்கே சட்டம் சொல்றியா?"

குடி இல்லாததால் சாயங்காலம் முழுக்கத் தொட்டி முன்னால்தான் உட்கார்ந்திருப்பான். அவனுக்குத் தெரியாமல் ஒரு துண்டு இறால் போட வழியில்லை. கிளாத்தி கீரையை வாயில் வாங்கித் துப்பியது. பிறகு நீலக் குஞ்சுகளின் வாலைக் கடித்தது. பிறகு கண்ணைத் தோண்டியது. கடைசியில் வரி மீன் ஒன்றைக் கல் இடுக்கிலிருந்து இழுத்து வயிற்றைக் கிழித்தது. குடல் தொங்க அது நீந்தியதைப் பார்த்து அனிஷா அலறினாள்.

ஆரோக்கியதாஸ் அசையவில்லை. விரல்களை மடக்கி மடக்கிப் பிரித்துக்கொண்டிருந்தான். ரூபியைப் பார்த்துச் சொன்னான்:

"எதுத்துப் பேசுனதெல்லாம் சேத்து வச்சிருக்கேன்டி. ஈஸ்டர் வரட்டும்."

அவன் மாறவில்லை, பசியோடு காத்திருக்கிறான் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. இந்த முறை உயிர் மிஞ்சாது என்று என்னிடம் சொன்னாள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

பெரிய வெள்ளிக்கிழமை காலை. சிலுவைப்பாதை ஊர்வலத்துக்குத் தெருவே வெளியில் நின்றது. ரூபி ஒரு பையோடு அனிஷாவைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினாள். அவன் வாசலை மறித்தான்.

"எங்கடி போற?"

"அண்ணன் வீட்டுக்கு. இன்னைக்கு நீங்க கை ஓங்க மாட்டீங்க. அதான் இன்னைக்கே போறேன்."

அவன் கை தோள்வரை எழும்பியது. தெரு முழுக்க அவனையே பார்த்தது. கையை இறக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு ஒதுங்கி நின்றான்.

அவர்கள் தெருமுனை தாண்டுவதற்குள் உள்ளே போய்க் கறி வெட்டும் கத்தியால் தொட்டியை அடித்தான். கண்ணாடி சிதறி உப்புத்தண்ணீர் வாசலுக்கு வந்தது. அடி நிற்கவில்லை. தரையில் துடித்ததை வெட்டினான், வெறும் தரையையும் வெட்டினான்.

ரூபிக்கு அந்தச் சத்தம் கேட்டது. அது யார் மேல் விழ இருந்த அடி என்று அவளுக்குத் தெரியும். திரும்பிப் பார்க்காமல் பிள்ளையின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, ஒட்டன்சத்திரம் வழியாகப் போகும் பழனி பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.