டிலுசாவும் ஆயிரம் புள்ளிகளும்

சோறு எப்போது வேகும் என்று டிலுசாவிடம் கேட்டால், "அரை மணித்தியாலத்தில வேகும், முக்காலும் ஆகலாம்" என்பாள். ஒரு கேள்விக்கு இரண்டு பதில் சொல்கிறவளுக்கு முல்லைத்தீவுக் கரையில் கலியாணம் நடந்ததே பெரிய காரியம். கட்டிய துசியந்தன் கடல் தொழிலாளி. அங்கும் எதுவும் நிச்சயமில்லை என்பதால் பொருந்திப் போயிற்று.

பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறாள். மிச்ச நேரத்தில் ஒரு திறந்த மூல மென்பொருளுக்கு வேலை செய்கிறாள். பூகம்பம் எங்கே, எவ்வளவு ஆழத்தில், நிலம் எப்படி நழுவியதால் உண்டானது என்று கணிக்கும் மென்பொருள் அது. யாரும் இலவசமாகப் பாவிக்கலாம், திருத்தலாம். தன் கணிப்பு எவ்வளவு பிழைக்கக்கூடும் என்பதையும் அதுவே சொல்லிவிடும். சுனாமியில் தாயைப் பறிகொடுத்த பிள்ளைக்கு இதைவிட ஆறுதலான வேலை கிடைத்திருக்கும். அவள் தேடவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை, சுமாத்திராப் பக்கம் கடலடியில் பூகம்பம் என்று கைபேசிகள் அலறின. துசியந்தனும் ஊர்ப் படகுகளும் கடலில். அரசாங்கம் இன்னும் வாய் திறக்கவில்லை. டிலுசா குசினியில் அடுப்புக்குப் பக்கத்து மேசையில் மடிக்கணினியைத் திறந்து, பல நாட்டு நிலையங்களின் பதிவுகளை மென்பொருளுக்குக் கொடுத்தாள். திரையில் கடல் முழுக்கப் புள்ளிகள் முளைத்தன.

தகப்பன் மரியநேசன் எட்டிப் பார்த்து வெளிறிப்போனார்.

"மாதாவே! இவ்வளவு இடத்திலயுமோ வெடிச்சது?"

"ஒரு இடத்திலதான் அப்பா. எந்த இடமெண்டுதான் தெரியேல்ல. ஒவ்வொரு புள்ளியும் ஒரு 'இருக்கலாம்'."

"அலை வருமோ?"

"நிலம் பக்கவாட்டில நழுவியிருந்தா பெரிசா வராது. மேல எழும்பியிருந்தா வரும். கனக்கப் புள்ளி பக்கவாட்டு எண்டுது. கொஞ்சம் மேல எண்டுது."

"உன்னைப் படிப்பிச்சதுக்கு..." என்று தொடங்கியவர், முடிக்காமல் மாதா கோயிலை நோக்கி ஓடினார்.

கடல் கெட்டால் அந்தக் கரையில் கோயில் மணி அடிப்பார்கள். கேட்ட படகு திரும்பும். கேட்காத படகுக்குக் கேட்டது சொல்லிவிடும். மணிக்குத் தெரிந்த ஒரே சொல் 'வா'. புயலுக்கு அது சரி. சுனாமிக்கு நேர்மாறு: ஆழ்கடலில் அலை படகை மெல்லத் தூக்கி இறக்கிவிட்டுப் போகும், கரையில்தான் கொல்லும்.

டிலுசா பின்னால் ஓடி மணிக்கயிற்றைப் பிடித்தாள்.

"அடிக்காதேங்கோ! கரைச் சனத்தை வாயால கூப்பிட்டு உள்ளுக்கு அனுப்புங்கோ. படகுகள் அங்கயே நிக்கட்டும்."

"உன்ர அம்மா போன அண்டைக்கு ஒருத்தரும் அடிக்கேல்ல பிள்ளை. விடு கயித்தை. அலை வருமெண்டு உனக்குத் தெரியுமோ?"

"தெரியாது."

"பிறகென்ன?"

"தெரியாததாலதான்!"

அவர் கயிற்றை விடவில்லை, இழுக்கவுமில்லை. அவள் ஒரு கையால் கயிற்றைப் பிடித்தபடி மறு கையால் கைபேசியை எடுத்தாள். மூன்றாம் முறைதான் துசியந்தனுக்கு அழைப்புப் போனது.

"இஞ்சேருங்கோ, ஆழத்துக்குப் போங்கோ. மற்றப் படகுகளையும் கூட்டிக்கொண்டு போங்கோ."

காற்றிரைச்சலுக்குள் துசியந்தன் சிரித்தான். "நூற்றுக்கு எத்தனை வீதம், ரீச்சர்?"

"வீதமில்லை. போங்கோ!"

தொடர்பு அறுந்தது. அவன் கேட்டானா, கேட்டும் திரும்பி வருகிறானா? அதற்கு அவளிடம் புள்ளி இல்லை. மரியநேசன் கயிற்றை விட்டுவிட்டு வீடு வீடாகக் கத்தப் போனார். சனம் பிள்ளைகளோடும் சைக்கிள்களோடும் கரையை விட்டு உள்ளே, ஒட்டுசுட்டான் பக்கம் நகர்ந்தது. மணிக்கு ஆள் காவல் வேண்டும் என்று டிலுசா அங்கேயே நின்றாள். தண்ணீர் உள்வாங்குகிறதா என்று பார்த்துப் பார்த்து, உள்வாங்குவது போலவே தெரியத் தொடங்கியது.

மத்தியானம் வானொலி ஆபத்தில்லை என்றது. புதுப் பதிவுகள் சேர்ந்தபின் புள்ளிகளும் சுருங்கிப் பக்கவாட்டிலேயே கூடிவிட்டிருந்தன. மரியநேசன் கைவலிக்க மணியடித்தார். படகுகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. எண்ணெய் தீர்ந்த துசியந்தனின் படகு கடைசியாக, இன்னொன்றின் பின்னால் கட்டி இழுபட்டு வந்தது. அதுவரை டிலுசா உட்காரவில்லை.

இப்போது கோயில் சபையில் வாக்குவாதம் நடக்கிறது. ஒற்றை மணி அடித்தால் 'வா', விட்டு விட்டு இரண்டடித்தால் 'நில்' என்று வைப்போம் என்கிறார் மரியநேசன்.

"காத்து ஒரு அடியைத் திண்டுபோட்டா?" என்கிறாள் டிலுசா.