யூட் அண்ணா விட்டுவிட்ட ஆட்டக்காரன்

லண்டன் குரோய்டனில் டிராமுக்குக் காத்து நின்றபோது யூட் அண்ணாவின் மனைவி அழைத்தார். "இண்டைக்குக் காலமை போயிட்டார், தங்கச்சி. நித்திரையிலயே போயிட்டார்" என்றார். ஆறுதல் சொல்ல வேண்டியவள் நான். கடைசியில் அவர்தான் என்னைத் தேற்றினார். அடுத்தடுத்து வந்த இரண்டு டிராம்களை விட்டுவிட்டு அங்கேயே நின்றேன்.

குட்மேய்ஸ் கத்தோலிக்கக் கோயில் மக்களான உங்களுக்கு யூட் அண்ணாவை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மன்னாரிலிருந்து வந்து, பகலில் பேருந்து ஓட்டி, மாலையில் ஒரு தொழில்முறை கூடைப்பந்து அணிக்கு ஆள் தேர்ந்து கொடுத்தவர். நான் திருச்சிக்காரி, வங்கியில் வேலை பார்த்துக்கொண்டு, ஆசைக்காக அதே அணியில் ஆட்டக்காரர்களின் புள்ளிவிவரம் பார்த்துத் தரவரிசைப் பட்டியல் போட்டுக் கொடுத்தேன். நான் போடும் டீயைக் கிண்டல் செய்யாமல் அவர் ஒருநாளும் விட்டதில்லை. "இது தேத்தண்ணி இல்லை, தங்கச்சி, பாயாசம்" என்பார். ஆனால் கோப்பையைக் காலி செய்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

பத்து ஆண்டுகளுக்கு முன் ஒரு டிராப்ட் நடந்தது. அணிகள் முறை வைத்து, ஒருவர் பின் ஒருவராகப் புது ஆட்டக்காரர்களை எடுக்கும் நாள் அது. எடுக்கும் வரிசையில் எங்களுக்கு மூன்றாம் இடம். செவன் கிங்ஸ் பகுதிப் பையன் நிரோஷனும் பெயர் கொடுத்திருந்தான். யூட் அண்ணா அவனுக்கு ஞானஸ்நானத்தில் நின்ற ஞானத்தகப்பன். "அவன் விசயத்தில என்ர கண்ணை நான் நம்பேலாது. உங்கட பட்டியல் என்ன சொல்லுதோ, அதைத்தான் செய்வன்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். அன்று கூட்டத்தில் என்னைப் பார்த்தார். "நிரோஷன் ஒன்பதாவதுண்ணா" என்றேன். பட்டியல் தாளைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நெட்டையான வேறொருவனை எடுத்தார்.

அந்த நெட்டையன் ஒரு பருவம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. நிரோஷனை வேறு எந்த அணியும் தொடவில்லை. ஞானத்தகப்பனே வேண்டாம் என்றால் ஏதோ குறை இருக்க வேண்டும் என்று நினைத்திருப்பார்கள். மறு ஆண்டு அவன் ஒரு நட்பு ஆட்டத்தில் எதிரணியில் இறங்கி, எங்களை ஏறக்குறைய தனியாளாகவே தோற்கடித்தான். அதன்பின் சின்னச் சின்ன மண்டபங்களில் ஆடி முழங்காலை முறித்துக்கொண்டான். இப்போது ஒரு கிடங்கில் ஷிப்ட் வேலை.

சொந்தப் பிள்ளையை விட்டு வெளியாளை எடுத்தவர் என்று நீங்கள் பேசியது அவர் காதுக்கும் வந்தது. பூசையில் ஒருவருக்கொருவர் கை கொடுத்துச் சமாதானம் சொல்லும் நேரத்தில் நிரோஷனின் தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு ஞாயிறு நானும் பக்கத்தில் இருந்தேன். நீட்டிய கையை யூட் அண்ணா மெல்ல மடக்கிக்கொண்டார். வெளியே வந்ததும், "கோவம் நியாயம்தானே. எடுத்தது நான்" என்றார். பட்டியலைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை.

ஆண்டுதோறும் பருவம் முடிந்ததும் அவர் வீட்டில் அந்த டிராப்டைத் திரும்ப எடுத்துப் பார்ப்போம். அதற்கு அவர் ஒரு விதி வைத்திருந்தார். "இண்டைக்குத் தெரியிறதை வச்சு அண்டைக்கு எடுத்தவனைத் திட்டக்கூடாது. அண்டைக்கே தெரிஞ்சிருக்க வேண்டியதை மட்டும் கேக்கவேணும்" என்பார். ஒவ்வொரு பெயரையும் தெரிந்திருக்கும், தெரிந்திருக்காது என்று இரண்டு பக்கமாகப் பிரித்து எழுதுவார். நிரோஷன் பெயர் வரும்போது என் முகத்தைப் பார்ப்பார். "தெரிஞ்சிருக்க முடியாதுண்ணா" என்பேன். அப்படியே எழுதிக்கொள்வார்.

போன வருடம், "அந்தப் பழைய பட்டியல் உங்களிட்ட இருக்கே?" என்று கேட்டார். தொலைந்துவிட்டது என்றேன். "சரி, விடுங்கோ" என்றார். அன்று அவன் பெயரை அவர் எந்தப் பக்கத்திலும் எழுதவில்லை. அவருக்கு எவ்வளவு தெரிந்திருந்தது என்று இனி நான் யாரைக் கேட்பது?

பட்டியல் தொலையவில்லை. நான் முதலில் போட்டதில் நிரோஷன் இரண்டாவதாக இருந்தான். டிராப்டுக்கு முந்தைய வாரம், அணி மேலாளர் சிரித்துக்கொண்டே, இது சீக்கிரம் தமிழர் அணியாகிவிடும் போலிருக்கிறதே என்று என்னிடம் சொன்னார். அவ்வளவுதான். அதற்கே பயந்துபோனேன். பட்டியல் கணக்கில் உயரத்துக்குக் கொடுக்கும் மதிப்பைக் கூட்டினேன். பொய்யாக ஓர் எண்ணைக்கூட எழுதவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உயரம் குறைந்த அவன் ஒன்பதாம் இடத்துக்கு இறங்கினான். யூட் அண்ணா தன் கண்ணை நம்பாமல் என்னை நம்பினார்.

அடக்கம் முடிந்த மறுநாள் நிரோஷன் வீட்டுக்குப் போய் இதையெல்லாம் சொன்னேன். அவன் எழுந்து உள்ளே போய்விட்டான். தாய் மட்டும் இருந்தார். "இத்தனை வருசமா அந்த மனுசனுக்கு நான் கை குடுக்கேல்லை. அவர் உயிரோட இருக்கேக்க இதைச் சொல்லியிருக்கலாமே, பிள்ளை" என்றார்.

சொல்லியிருக்கலாம். பத்து முறை அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். அவர் சுமந்த பழி என்னுடையது. அவரிடமிருந்து எடுத்து வைத்துக்கொள்ள எனக்கு அது ஒன்றுதான் இருக்கிறது. அதையும் அவர் போன பிறகுதான் எடுக்கிறேன்.