பங்கு வைத்தவள்

பங்கு வைக்கிறவர் கடைசியில் எடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் நான் போட்ட சட்டம் அது. மகளும் மகனும் ஒரு பலாச்சுளைக்குக்கூட மண்ணில் புரண்டு சண்டை போட்ட வயதில், அடிக்காமல் திருத்த வேண்டும் என்று இதைக் கண்டுபிடித்தேன். ஒருவர் வெட்டினால் மற்றவர் முதலில் எடுப்பார். வெட்டுகிறவர் தன் நன்மைக்காகவே சமமாக வெட்டுவார். கந்தர்வக்கோட்டைக்குக் கிழக்கே முந்திரிக்காட்டை ஒட்டிய ஒரு சிற்றூரில் தொடக்கப் பள்ளி ஆசிரியராக இருந்தேன். வகுப்பிலும் இதையே சொல்லிக்கொடுத்தேன். பெற்றோர் என்னை மெச்சினார்கள்.

அந்தச் சட்டத்தில் இருந்த ஓட்டையை நான் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்று சொல்வதும் முழு உண்மை இல்லை. வெட்டுவதென்றால் அரிவாள்மனை வேண்டும். அரிவாள்மனையில் ஆண்பிள்ளை உட்காரக் கூடாது என்பாள் என் மனைவி. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆகவே எப்போதும் மகள்தான் வெட்டினாள், மகன்தான் முதலில் எடுத்தான். எவ்வளவு கவனமாக வெட்டினாலும் ஒரு துண்டு கொஞ்சம் பெரிதாகத்தான் இருக்கும். அது அவனுக்குப் போகும். சில மாதங்களில் அவள் வேண்டுமென்றே ஒன்றைப் பெரிதாக வெட்டி அவன் பக்கம் தள்ளத் தொடங்கினாள். "என் தங்கம், விட்டுக்குடுக்குது பாரு" என்று ஊரார் எதிரில் அவள் தலையைத் தடவினேன். அவனை ஒருநாளும் அப்படிப் புகழ்ந்ததில்லை. அவன் விட்டுக்கொடுக்கவில்லை என்று வருந்தியதும் இல்லை.

மகள் ஒரு வயது மூத்தவள். தம்பியைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று அவளை ஒரு வருஷம் தாமதமாகச் சேர்த்ததால் இருவரும் ஒரே வகுப்பு. என் பள்ளியிலேயே ஐந்தாவது முடித்தார்கள். ஆறாவதுக்குக் கந்தர்வக்கோட்டைக்குப் பஸ்ஸில் போக வேண்டும். அந்தக் கோடையில் மூன்றாவது குழந்தை பிறந்தது. மனைவி பிரசவத்துக்குப் பின் படுத்த படுக்கையானாள். என் தாயும் இல்லை, அவள் தாயும் இல்லை. பிள்ளைகளில் ஒருவர் வீட்டில் இருந்தாக வேண்டும்.

மகளை நிறுத்துகிறேன் என்று நேராகச் சொல்லியிருந்தால் அது வெறும் அநியாயமாக இருந்திருக்கும். நான் அதைவிடக் கெட்டிக்காரத்தனமாக ஒன்று செய்தேன். இருவரையும் கூப்பிட்டு, "நீங்களே பேசிப் பங்கு வச்சுக்கங்க" என்றேன்.

வழக்கம்போல அவள்தான் பங்கு வைத்தாள். "மொத வருசம் ஒரு ஆளு பள்ளிக்கூடம், ஒரு ஆளு வீடு. மறு வருசம் மாத்திக்கணும். சரிதானப்பா?"

"சரிதான்" என்றேன்.

"நீ எடுடா மொதல்ல."

அவன் பள்ளிக்கூடத்தை எடுத்தான்.

அந்த வருஷம் முழுக்க அவள் அம்மாவுக்குக் கஞ்சி காய்ச்சினாள், குழந்தையை இடுப்பில் சுமந்தாள். கோடை வருமுன் பெரியவளானாள். சடங்கு சுற்றினோம். மனைவியும் ஒருவாறு எழுந்து நடமாடினாள். ஆனாலும் தவழ்கிற குழந்தைக்கு இன்னொரு ஆள் தேவைப்பட்டது.

பள்ளிக்கூடம் திறந்த அன்று காலை நான் குளித்துவிட்டு வந்தபோது மகள் இரட்டைப் பின்னல் போட்டு, துவைத்த பாவாடை தாவணி உடுத்தி, தம்பியின் பழைய புத்தகங்களைப் பையில் வைத்துக்கொண்டு நின்றாள். மகன் தூளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குழந்தையை ஆட்டிக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடச் சட்டை போடவில்லை.

"என்ன இது?" என்றேன்.

"இந்த வருசம் என் மொறைப்பா" என்றாள்.

முந்தின நாளே என் மைத்துனர் வந்து தங்கியிருந்தார். வெற்றிலைப் பெட்டியோடு உள்ளே வந்தவர் தூளியையும் மருமகனையும் பார்த்துச் சிரித்தார். "என்னடா மாப்ள, சடங்கு சுத்துனது ஒங்கக்காவுக்குன்னுல்ல நெனச்சேன். ஒனக்கா? வாத்தியாரு மச்சான், அப்படியே இவனுக்கு மூக்கையும் குத்திவிட்டுருங்க. நாங்க மாப்ள பாக்குறோம்."

அடுப்படியில் மனைவியும் சிரித்தாள். எனக்குக் காது சுட்டது.

"சடங்கு சுத்துன புள்ள பஸ்ஸுல போக வேணாம்" என்று மகளிடம் சொன்னேன். "தம்பிக்கு விட்டுக்குடும்மா. நீதான் எப்பவும் விட்டுக்குடுக்குற புள்ளையாச்சே."

அவள் அழவில்லை. கணக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். "விட்டுக்குடுக்கணும்னா அது மொதல்ல என் கையில இருக்கணும்லப்பா. என் கைக்கு வரவே இல்லையே."

மகன் பக்கம் திரும்பி, "எந்திரிடா, சட்டையைப் போடு" என்றேன்.

அவன் தூளிக் கயிற்றை விடவில்லை. "அக்கா மொறைப்பா. மாத்திக்கணும்னு பேசினோம்ல. நீங்கதான சரின்னீங்க?"

அறைந்தேன். அவன் மேல் அதுவரை நான் கைவைத்ததில்லை. "ஆம்பளப் புள்ள வீட்டுல குந்தித் தொட்டில் ஆட்டுவியா? வெக்கமா இல்ல?" என்று இன்னொரு முறை அறைந்தேன். சொன்ன சொல்லைக் காப்பாற்ற அவன் தன் பங்கைத் திருப்பிக் கொடுத்தான். பகிர்ந்து வாழ் என்று நான் சொல்லிக்கொடுத்த எத்தனையோ பிள்ளைகளில் அதை முழுதாகக் கற்றவன் அவன் ஒருவன்தான். அதற்குத்தான் அடித்தேன்.

மகள் வந்து அவன் கையிலிருந்து கயிற்றை வாங்கிக்கொண்டாள். "போடா, பஸ்ஸு போயிரும்" என்றாள். மைத்துனர் வெற்றிலை மடித்தபடி, "அப்படிச் சொல்லு ஆத்தா. பொம்பளன்னா இப்படில்ல இருக்கணும்" என்றார்.

அவளை வேறு வழியில் படிக்க வைத்திருக்கலாம். நானே ஆசிரியன், வீட்டிலேயே சொல்லிக்கொடுத்திருக்கலாம். அதுவும் செய்யவில்லை. அவள் முகத்தைப் பார்த்துப் பாடம் நடத்த முடியாது என்று பயந்தேன். அவளுக்குப் பதினேழு வயதில் திருமணம் முடித்தேன். நல்ல இடம் என்றார்கள். கெட்ட இடம் இல்லை.

ஆனால் என்னை விடாமல் அரிப்பது அந்தக் காலை இல்லை. அதற்குப் பிறகு வந்த ஒரு மாலை.

மகன் ஆறாவது படித்த வருஷம் முழுக்க, அவன் பஸ் இறங்கி வந்ததும் இருவரும் ஒரு பாயில் உட்காருவார்கள். அன்றைக்கு நடந்த பாடத்தை அவன் சொல்லுவான், அவள் கேட்டுக்கொள்வாள். மறு வருஷம் வகுப்பில் திணறாமல் இருக்க வேண்டுமே என்று அவர்களாகவே செய்துகொண்ட ஏற்பாடு. நான் அடித்த பிறகு சில நாள் அது நின்றுபோயிருந்தது. ஒரு மாலை அவள் குழந்தையைத் தோளில் தட்டியபடி அவனருகில் போய், "இன்னைக்கு என்னடா நடத்துனாங்க?" என்றாள்.

அவன் புத்தகத்தை மூடினான். "ஒனக்கு எதுக்கு அதெல்லாம்? போயி வேலையப் பாரு" என்றான்.

கை எட்டும் தூரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவன் அதைச் சொல்லும்போது அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். சரியாகச் சொன்னேனா என்று ஆசிரியரைப் பார்க்கும் மாணவனின் பார்வை அது. தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். செய்தித்தாளின் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.