ஊட்ட விடாத ஆமைக்குஞ்சு

ஓரியா ஊரில் நாற்பது வயதுக்குக் கீழே உள்ள யாரை வேண்டுமானாலும் பிடித்துக் கேளுங்கள், தொனாத்தாவின் கண்ணுக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டவராகத்தான் இருப்பார். பாலர் பள்ளிச் சமையலறையில் முப்பத்தொரு வருடம் கரண்டி பிடித்தவள். சமைத்துப் போட்டதோடு விட்டாளா? இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பிள்ளையின் முன்னாலும் போய் நிற்பாள். தட்டு காலியாகும்வரை நகர மாட்டாள். ஊர் கேலி பண்ணியது. அவளுக்கோ அதுதான் பெருமை.

ஓய்வு பெற்ற பிறகு அந்த முழுப் பார்வையும் புருஷன் கோசிமோ ஒருவர்மேல் விழுந்தது. இரண்டே வருடத்தில் மனுஷனுக்கு ஒரு கால்சட்டைக்கும் பொத்தான் போட முடியவில்லை.

செப்டம்பரில் முதல் மழை பெய்த மறுநாள் காலை, கசப்புக் கீரை பறிக்கக் கொல்லைக்குப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். பாத்தியோரம் மண் வெடித்து, அக்ரூட் கொட்டை அளவில் ஒரு மண்கட்டி நகர்ந்துகொண்டிருந்தது. குனிந்து பார்த்தால் அதற்குக் கண் இருந்தது.

"கோசிமோ! ஓடி வா! மார்கேசா பெத்துட்டா!"

மார்கேசா என்பது கல்யாணத்துக்குச் சீராக வந்த பெண் ஆமை. ஜமீன்தாரிணி மாதிரி கழுத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பதால் அந்தப் பெயர். போன வருடம் அடுத்த வீட்டு ஆண் ஆமை வேலிக்கடியில் தோண்டிக்கொண்டு வந்து ஒரு வாரம் விருந்தாடியிருந்தது. இப்போது அம்மாக்காரி இரண்டடி தள்ளி, விழுந்த அத்திப்பழத்தைச் சப்புக்கொட்டித் தின்றுகொண்டிருந்தாள். குஞ்சு அவள் காலோரமே போயிற்று. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அடி பாவி, பெத்தவளாடி நீ?" என்று தொனாத்தா வைதாள். வைதுவிட்டுக் குஞ்சை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டாள். மூக்கு நுனியில் முட்டையை உடைத்த சின்ன முள் இன்னும் இருந்தது. அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

கொண்டுபோய் எங்கே வைத்தாள்? அடுப்பு மேடையில், தான் லசான்யா சுடும் பெரிய தட்டில், பஞ்சு பரப்பி. லெட்டூஸ், தக்காளி, பாலில் ஊறிய ரொட்டி எல்லாம் சுற்றி வைத்துவிட்டு, வழக்கப்படி இடுப்பில் கை வைத்து நின்றாள். குஞ்சு தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. குஞ்சைக் கையில் எடுத்து, இலையை வாயருகே நீட்டினாள். காலையும் இழுத்துக்கொண்டது. பார்க்க வந்த அக்கம்பக்கத்தார் ஆளுக்கொரு தடவை தூக்கிப் பார்த்தார்கள். இறக்கி விட்டால் தட்டின் விளிம்பை நாள் முழுக்கப் பிறாண்டிக்கொண்டே இருந்தது.

ஆறாம் நாள் பிறாண்டுவதும் நின்றது. கண் இரண்டும் வீங்கி மூடிக்கொண்டன. தொனாத்தாவுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. "என் கையால ஒரு உயிர் பட்டினியா சாகப்போகுது கோசிமோ" என்று அழுதாள். கோசிமோ பாவம், அடுப்பே எரியாததால் அவரும் அன்றைக்குப் பட்டினி.

ஆமை பிறந்தால் அரசாங்கத்தில் பதிய வேண்டும். கோசிமோ எழுதிப் போட்டிருந்ததால் மறுநாள் வனக் காவலர் ஒருவர் சீருடையில் வந்தார். தட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"என்னைத் தெரியலையாம்மா? ஒரோன்ஸோ. மூணாவது மேசை, ஜன்னலோரம்."

"அடேய், நீயா! ஒரு பட்டாணி மிச்சம் வைக்க மாட்டியே!"

"மிச்சம் வைக்கல, ஜோப்புல வெச்சேன். நீங்க வந்து நின்னா எனக்குத் தொண்டை அடைச்சுக்கும். அந்தப் பக்கம் திரும்பினாத்தான் உள்ள எறங்கும். எங்க மேசையில எல்லாருக்கும் அப்படித்தான்."

தொனாத்தாவின் முகம் சுண்டிப்போயிற்று. முப்பத்தொரு வருடம். கோசிமோ சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இதுவும் அப்படித்தாம்மா," என்றான் ஒரோன்ஸோ, குரலைத் தணித்துக்கொண்டு. "மகா பயந்தாங்கொள்ளி. மேல நிழல் விழுந்தா காக்கா வந்துடுச்சுன்னு நினைக்கும். தூக்கினா, போச்சு, முழுங்கப் போறாங்கன்னு நினைக்கும். இந்தத் தட்டுல ஒளியறதுக்கு ஒரு மூலை இருக்கா? இப்படி வெட்டவெளியில உக்கார வெச்சா யாருக்குச் சாப்பாடு எறங்கும்?"

"பொழைக்குமாடா?"

"தெரியல. நீங்க விட்டா பொழைக்கலாம்."

அன்றைக்கே குஞ்சு கொல்லைக்கு வீடு மாறியது. கோசிமோ ஒயின் பெட்டி ஒன்றின் அடியைத் தட்டி எடுத்துவிட்டு, குஞ்சு அடியில் தோண்டிப்போக முடியாதபடி மண்ணில் ஆழமாகப் பதித்தார். உள்ளே கொல்லை மண்ணும் கொஞ்சம் மணலும். பாதி வெயில், பாதி நிழல். ஒளிய ஓர் உடைந்த ஓடு, அதன்கீழ் ஈரமண். பூந்தொட்டியின் அடித்தட்டில் தண்ணீர், நின்றால் தாடை முங்காத அளவு. காக்கைக்கும் எலிக்கும் பயந்து மேலே கம்பிவலை. வெதுவெதுப்பான தண்ணீரில் சற்று நேரம் நிற்க வைத்து, கண்ணைத் துடைத்து, ஒரோன்ஸோ அதை உள்ளே விட்டான். தக்காளி, ரொட்டி எதுவும் கூடாது. வரப்பில் முளைக்கும் மஞ்சள் பூப் பூக்கிற களைச்செடியும் கசப்புக் கீரையும் போதும். போட்டுவிட்டு வந்துவிட வேண்டும் என்றான்.

"நிக்கக் கூடாதா?"

"நிக்கவே கூடாது."

இரண்டு நாள் இலை போட்டபடி கிடந்தது. தொனாத்தா ஜன்னல் கதவை இழுத்துச் சாத்திவிட்டு, சமையலறையில் கூண்டுப்புலியாக நடந்தாள். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால் ஓர் இலையின் ஓரத்தில் சின்னப் பிறை. நகக்கண் அளவுகூட இருக்காது. அந்த இலையை எடுத்துக்கொண்டு தெரு முழுக்கக் காட்டினாள். முப்பத்தொரு வருடத்தில் எந்தக் காலித் தட்டும் அவளை இப்படி ஆட்டியதில்லை.

நவம்பரில் ஒரு நாள் குஞ்சைக் காணவில்லை. ஓட்டுக்கு அடியில் மண் மட்டும் லேசாக மேடிட்டிருந்தது. ஒரோன்ஸோவுக்குத் தொலைபேசியில் கத்தினாள்.

"தூங்கப் போயிருக்கும்மா. மேல காஞ்ச சருகு போட்டு மூடுங்க. தோண்டாதீங்க."

"யாருடா அதுக்குச் சொன்னது, குளிர் வருதுன்னு? அதுக்கு ரெண்டு மாசம்தாண்டா ஆச்சு!"

"யாரும் சொல்லலம்மா."

தொனாத்தா தொலைபேசியை வைத்துவிட்டுச் சருகு பொறுக்கக் கொல்லைக்குப் போனாள்.

ஜனவரியில், பல வருடமாக எட்டிப் பார்க்காத பனி ஓரியாவில் கொட்டியது. விடிந்ததும் அவள் ஒரு மேசைக்கரண்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். பனியை ஒதுக்கி, வலையைத் தூக்கி, சருகை விலக்கி, விரலளவு தோண்டியும்விட்டாள். இன்னும் கொஞ்சம் தோண்டினால் தெரிந்துவிடும், உயிரா இல்லையா என்று. தோண்டினால் நிம்மதி யாருக்கு? தனக்குத்தான். உள்ளே இருப்பதற்குக் குளிர்தான் மிச்சம். எடுத்த மண்ணைத் திரும்பப் போட்டு மூடினாள். "என்னால முடியலைடா சாமி" என்று வாய்விட்டுச் சொல்லியே மூடினாள்.

மார்ச் கடைசியில், நல்ல வெயிலில், ஓட்டுக்கடியிலிருந்து ஒரு மூக்கு வெளியே வந்தது. பின்னாலேயே முகமெல்லாம் மண்ணாக முழுக் குஞ்சு. தண்ணீர்த் தட்டில் இறங்கிக் குடித்தது. பிறகு ஒரு மஞ்சள் பூவை வாய் கொள்ளாமல் கடித்தது. ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த தொனாத்தா தேம்பித் தேம்பி அழுதாள்.

"பொழைச்சுடுச்சே, அப்புறம் ஏன் அழற?" என்றார் கோசிமோ.

"நான் ஒண்ணுமே செய்யலையே கோசிமோ!"

நாலு நாள் கழித்துத் துணி உலர்த்தக் கொல்லைக்குப் போனாள். செருப்பு மண்ணாகிவிடும் என்று வாசலிலேயே கழற்றி விட்டிருந்தாள். கொடிக்கயிற்றுக்குக் கீழே, குளிர்காலம் முழுக்க அவள் தினமும் மிதித்து நடந்த தடத்தின் ஓரத்தில், மண் வெடித்திருந்தது. அதிலிருந்து ஒன்று வந்தது. அதன் முதுகை உரசிக்கொண்டு இன்னொன்று. கொஞ்சம் தள்ளி மூன்றாவது, மூக்கில் முள்ளோடு.

பெட்டியில்லை, வலையில்லை, சருகு மூடவும் ஆளில்லை. செப்டம்பரில் பொரிந்தும் வெளியே வராமல், மார்கேசா முட்டையிட்ட இன்னொரு குழியிலேயே தங்கி, அந்தப் பனியை அப்படியே தலைக்குமேல் வாங்கிக்கொண்டு கிடந்திருக்கின்றன. அவள் ஒன்றுக்காக உருகி ஏங்கிக்கொண்டிருந்த அத்தனை நாளும், மூன்றும் அவள் காலடியில்தான் இருந்திருக்கின்றன.

"கோசிமோ!" என்று கூப்பிட வாயெடுத்தாள். அதற்குள் மூன்றும் மூன்று பக்கமாகக் கீரைக்குள் போயின. இன்னும் எத்தனை உள்ளே இருக்கிறதோ! தொனாத்தா ஈரத்துணியை மார்போடு அணைத்துக்கொண்டு, ஒரு காலைத் தூக்கியபடி, தன் சொந்தக் கொல்லையில் அதை எங்கே ஊன்றுவதென்று தெரியாமல் நின்றாள்.