கடைசிப் பக்கத்திலிருந்து படித்தவர்

எண்பதுகளில் ஒரு நாள், பழனியிலிருந்து கொடைக்கானல் போகும் பஸ்ஸில் அந்த அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பாதி நரைத்த தலை, கைத்தறிப் புடவை. மூலக்கூறு உயிரியலில் ஆராய்ச்சி செய்கிறவராம். மலைப்பாதை வளைவுகளில் நாங்கள் எல்லாரும் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருக்க, அவர் மட்டும் ஓர் ஆராய்ச்சி இதழைப் படித்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு கட்டுரையையும் கடைசிப் பக்கத்திலிருந்தே பார்த்தார்.

"ஏங்க பின்னாலருந்து படிக்கிறீங்க?" என்றேன்.

"யார் யாரோட ஆராய்ச்சியைப் பாத்து எழுதினாங்கன்னு கடைசியிலதாங்க பேர் போட்டிருக்கும். என் பேரு இருக்கான்னு தேடுறேன். இதுவரைக்கும் ஒருத்தரும் போடல."

பெருமாள்மலையை நெருங்கும்போது அவர் விரல் ஓரிடத்தில் நின்றது. அவசரமாக முன்பக்கம் புரட்டிப் படித்தார். முகம் மலர்ந்தது.

"நான் சொன்னது தப்புன்னு ஒருத்தர் எழுதியிருக்காருங்க."

"அதுக்கா சிரிக்கிறீங்க?"

"தப்புன்னு சொல்றதுக்காவது முழுசா வாசிச்சிருக்காருல்ல. இன்னைக்கே அவருக்கு நன்றி சொல்லி எழுதணும்."

பையில் பேனாவைத் தேடிக்கொண்டே சேர்த்துக்கொண்டார்: "அப்படியே, அவரு எங்க தப்பு பண்ணியிருக்காருன்னும் எழுதிரணும்."

அந்தச் சிரிப்பு இரண்டில் எதற்கு என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.