நாத்தனார் நம்பரிலிருந்து வந்த பத்திரிகை

அரியலூரில் வீடு, பெரம்பலூரில் ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர் வேலை. வைரஸ் இன்னொரு ஃபைலோடு ஒட்டிக்கொண்டு வரும், வார்ம் யார் துணையும் இல்லாமல் தானே பரவும், ட்ரோஜன் நல்ல முகம் காட்டி நம் கையாலேயே கதவைத் திறக்கவைக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் வாட்ஸ்அப்புக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. அனுப்பியவர் என் கணவர். பக்கத்து அறையில்தான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஃபைல் பெயரின் கடைசியில் ஏபிகே என்று இருந்தது. அப்படி இருந்தால் அது பத்திரிகை இல்லை, போனுக்குள் குடியேறும் ஓர் ஆப். போனோடு அவரிடம் ஓடினேன்.

"என்னங்க, இத நீங்களா அனுப்புனீங்க?"

"இல்லையே. நேத்து அக்கா ஒரு பத்திரிகை அனுப்புச்சு. அமுக்குனேன். என்னென்னமோ கேட்டுச்சு, எல்லாத்துக்கும் சரின்னு குடுத்தேன். ஒண்ணும் தொறக்கல."

"யாருக்குக் கல்யாணம்னு அக்காகிட்ட கேட்டிருக்கலாம்ல?"

"பத்திரிகை வச்சவங்ககிட்டயே போயி யாருக்குக் கல்யாணம்னு கேக்குறதா? நல்லா இருக்கே!"

அதுவும் நியாயம்தான். எங்கள் பக்கம் அப்படிக் கேட்டால், பிரித்துக்கூடப் பார்க்கவில்லை என்று வருஷக்கணக்கில் சொல்லிக் காட்டுவார்கள்.

அவர் போனை ஏரோப்ளேன் மோடில் போட்டேன். ஐகான் இல்லாமல் செட்டிங்ஸில் பதுங்கியிருந்த ஆப்பைத் தேடிப் பிடித்து, மெசேஜ் படிக்கும் அனுமதியைப் பிடுங்கி, அழித்தேன். பேங்குக்கும் சொல்லிவிட்டேன். என்னை நானே மெச்சிக்கொண்டேன். ஆனால் அந்தப் பத்திரிகை அதற்குள் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போயிருந்தது. அவர்கள் திறப்பதற்குள் இவர் சொல்லியாக வேண்டும்.

இவர் சிமென்ட் ஃபேக்டரியில் ஒரு ஷிப்டையே அதட்டி நடத்துகிறவர். தப்பு செய்துவிட்டேன் என்று இவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை. என் போனை வாங்கினார். குடும்ப குரூப்பில் வாய்ஸ் மெசேஜாகப் பேசினார்.

"நான் ஏமாந்துட்டேன். என் நம்பர்லேருந்து வந்த பத்திரிகைய யாரும் தொறக்காதீங்க. தொறந்திருந்தா வெக்கப்படாம இந்த நம்பருக்குக் கூப்புடுங்க."

எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

முதலில் தா.பழூர் சித்தப்பா கூப்பிட்டார். "இப்பத்தாம்ப்பா அமுக்கப் போனேன். உன் கொரலக் கேட்டு நிறுத்திட்டேன்."

அடுத்து நாத்தனார். "அது பத்திரிகை இல்லன்னு நேத்தே எனக்குத் தெரியும் தம்பி. அசிங்கமா இருந்துச்சு, யார்கிட்டயும் சொல்லல."

இவர் கத்தப்போகிறார் என்றுதான் நினைத்தேன். "பரவால்லக்கா. இப்ப நீயும் குரூப்புல சொல்லிடு," என்றார்.

ஐந்து நிமிஷம் கழித்து குரூப்பில் நாத்தனாரின் குரல் வந்தது. "நானுந்தான் ஏமாந்தேன்."